கிளை மாறிய ஐந்து நண்டுகள்

நான்கு வருஷமாகத் தமிழ்நிலா பார்த்துப் பார்த்து வளர்த்த மரத்தில், ஐந்து நண்டுகள் தப்பான கிளையில் ஏறி உட்கார்ந்திருந்தன.

நண்டு மரம் ஏறுமா என்று கேட்டுவிடாதீர்கள். இது கம்ப்யூட்டர் திரையில் படுத்தவாக்கில் விரிகிற மரம். வேர் இடது பக்கம், கிளைகள் வலது பக்கம், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு வயல் நண்டு. திருவையாற்றிலிருந்து மன்னார்குடி வரைக்கும், அந்தப் பக்கம் புதுக்கோட்டைச் செம்மண் வரைக்கும் வரப்பு வரப்பாக அலைந்து, நண்டு ஒன்றுக்கு ஒரு கால் வீதம் வாங்கிக்கொண்டு, நண்டைத் திரும்ப வளையில் விட்டுவிட்டு வந்தவள் அவள். கால் போவது நண்டுக்குப் பெரிய நஷ்டமில்லை, ஓடு கழற்றும்போது புதிதாக முளைத்துவிடும். அந்தக் காலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஒரு ஜீனில் உள்ள எழுத்துகளை வரிசையாகப் படித்து, எந்த நண்டின் எழுத்து எந்த நண்டின் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் யாருக்கு யார் நெருங்கிய உறவு, யார் தூரத்து உறவு என்று தெரிந்துவிடும். அதை வரைந்தால் மரம்.

இதை அம்மா அம்சத்துக்கு விளக்க அவள் நடவுப் பாட்டைத்தான் பிடித்துக்கொண்டாள். ஒரு பாட்டு ஊர் ஊராகப் போகும்போது எங்கேயாவது ஒரு சொல் மாறும். மாறிய சொல்லை வைத்துப் பாடுகிற ஊர்களெல்லாம் ஒரே இடத்தில் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டவை. நடவுக்கு நடுவே பாட்டெடுப்பதில் அம்சத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “எந்த ஊரு பொம்பளை எங்க கத்துக்கிட்டான்னு பாட்டை வச்சு நான் சொல்லிடுவேன். நீ நண்டை வச்சு சொல்ற. இதுக்கா நாலு வருஷம்?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நான்கு வருஷத்தில் தமிழ்நிலா கண்டுபிடித்தது சின்ன விஷயமில்லை. பாமணி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிற நண்டெல்லாம் திருவையாற்று நண்டுக்குச் சொந்தம். மேற்கே இருக்கிறதெல்லாம் புதுக்கோட்டை நண்டுக்குச் சொந்தம். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கவ்வினால் வலியும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எழுத்து வேறு. கடல் நண்டின் குஞ்சு தண்ணீரில் மிதந்து எங்கே வேண்டுமானாலும் போகும். வயல் நண்டு முட்டையையும், பொரிந்த குஞ்சையும் தன் வயிற்று மடிப்புக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுகிறது. பிறந்த வரப்பை விட்டு அதிகம் நகராது. அதனால்தான் ஆறு அவற்றுக்கு எல்லையாகிவிட்டது என்று அவள் நூற்றைம்பது பக்கம் எழுதியிருந்தாள். கிழக்குக் கரைக்கு நீல நிறம், மேற்குக் கரைக்குச் சிவப்பு நிறம் என்று மரத்தைப் பிரித்து வைத்திருந்தாள். பார்க்கவே கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது, இந்த ஐந்தும் வரும் வரைக்கும். கிழக்குக் கரையில் பிடித்த ஐந்து நண்டுகள் சிவப்புக் கிளையில் போய் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

“குழாய் மாறிப்போச்சு நிலா. வேற ஒண்ணுமில்ல,” என்றார் டாக்டர் பிரகதாம்பாள். தமிழ்நிலாவின் ஆய்வு வழிகாட்டி. தஞ்சாவூரில் அவரிடம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள், அவர் கையெழுத்துக்காகத் தவம் கிடந்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வாங்கிய பிறகுதான் சிரிப்பு.

“மாறலை மேடம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன், மாத்திட்டு.”

“பென்சில்ல எழுதின சீட்டை ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் போட்டுத்தான் மூடினேன். பேனான்னா ஸ்பிரிட்டுல கரைஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அஞ்சும் ஒரே வரப்புலேருந்து வந்திருக்கே, யாரு வரப்பு அது?”

தமிழ்நிலா கொஞ்சம் தயங்கினாள். “எங்க வரப்பு மேடம்.”

“அதான் விஷயம். சொந்த வயல்ல போய் பிடிச்சா கண்ணு நண்டு மேல இருக்காது, அம்மா கொண்டாற காபி மேல இருக்கும்.” பிரகதாம்பாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். “ஐப்பசியில உன் விளக்கக் கூட்டம். அதுக்குள்ள இந்த அஞ்சையும் எடுத்துடு. இல்ல, அஞ்சும் ஏன் அங்க இருக்குன்னு சொல்லு. ரெண்டும் இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

எடுத்துவிடுவது சுலபம். இருநூற்றுச் சொச்சம் நண்டில் ஐந்து போனால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், நீலம் நீலமாகவும் சிவப்பு சிவப்பாகவும் ஆகிவிடும். ஆனால் அப்படிச் செய்தால், குழாயை மாற்றினேன் என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி. அவள் மாற்றவில்லை. அந்த ஐந்தில் ஒன்று கவ்விய தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருந்தது. சாயங்காலமே மன்னார்குடி பஸ் ஏறினாள்.

கீழச்செங்கழனி பாமணி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிற ஊர். அங்கே ஆற்றை ஒட்டி அம்சத்துக்கு ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர் வரும். அப்பா வைரக்கண்ணு சிங்கப்பூரில் கட்டட வேலை செய்து அனுப்பியதில் வாங்கியது. மறுநாள் காலையில் போனபோது அம்சம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றோர வரப்பை வெட்டிச் சேறு பூசிக்கொண்டிருந்தாள். நடவுக்கு முன்னால் இந்த வேலையை முடிக்காவிட்டால், கட்டிய தண்ணீரெல்லாம் நண்டு வளை வழியாக நழுவி ஆற்றுக்கே போய்விடும்.

“இந்த வரப்பு மட்டும் எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு,” என்றாள் அம்சம். “அடைக்க அடைக்கத் தோண்டுது. பக்கத்து வயல்ல இப்படி இல்ல.”

“அதுல எனக்குப் பத்துப் பதினஞ்சு வேணும்மா.”

அம்சம் வளைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். தமிழ்நிலா ஒவ்வொன்றிடமும் ஒரு காலை வாங்கி, சீட்டு எழுதி, அம்மாவையே ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம் குழாயை மூடினாள். நடுவில் வந்த ஒரு பெரிய நண்டைத் திருப்பிப் பார்த்த அம்சம் அதைக் கொடுக்காமல் தனியாக அலுமினிய அன்னக்கூடையில் போட்டாள். அதன் வயிற்று மடிப்புக்குள் மிளகு மிளகாகக் குஞ்சுகள் நெளிந்தன.

“ஏம்மா, அதையும் குடு.”

“இது மடியில குஞ்சு கட்டியிருக்கு.”

“ஒரே ஒரு கால்தான்.”

“புள்ளைத்தாச்சிகிட்ட காலைப் புடுங்குறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?” என்று திட்டிக்கொண்டே ஒரு பின்னங்காலை மட்டும் அனுமதித்தாள் அம்சம். பிறகு அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “நான் பாத்துக்கிறேன்” என்று ஆற்றுப் பக்கமாக நடந்தாள். சின்ன வயதிலிருந்து தமிழ்நிலா பார்த்து வருகிற காட்சிதான் இது. நண்டைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் உலகத்தில் உள்ள எல்லோரிடமும் கேட்டவள், அந்த அன்னக்கூடை எங்கே போகிறது என்று மட்டும் கேட்டதே இல்லை.

டி.என்.ஏ.வைப் படிக்கக் கொடுத்த சென்னைக் கூடத்திலிருந்து முடிவு வந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தாள். இந்தத் தடவையும் பாதிக்கு மேல் சிவப்பு! ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாததால் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பிரகதாம்பாள் எழுத்து வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து நெடுநேரம் பார்த்தார். “சரி. குழாய் மாறலை. நான் சொன்னது தப்பு,” என்றார். தப்பை ஒப்புக்கொள்ள அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை, அதையும் ஒரு முடிவைப் படிக்கிற குரலில்தான் சொல்வார். “இப்ப சொல்லு. நண்டு எப்படி ஆத்தைத் தாண்டுச்சு? வெள்ளமா?”

“வெள்ளம்னா ஆத்தோட போக்குல கீழ்ப்பக்கம் அடிச்சுட்டுப் போயிருக்கணும் மேடம். கரை முழுக்கக் கலந்திருக்கணும். பக்கத்து வரப்புல ஒண்ணு கூட இல்ல. எங்க வரப்புக்கு மட்டும் வந்திருக்கு.”

“அப்ப யாரோ தூக்கிட்டு வந்து விட்டிருக்காங்க.”

“ஆமா மேடம்.”

“யாருன்னு மரம் சொல்லாது. கூட்டத்துல கேட்பாங்க. யாரும் கேட்கலைன்னா நான் கேட்பேன்.” கண்ணாடி இன்னும் மூக்கின் மேல்தான் இருந்தது, அதனால் பேச்சு முடியவில்லை. “இன்னொண்ணு. நீ படிச்ச ஜீன் அம்மா வழியா மட்டும்தான் வரும். அது பாதிக் கதை. அப்பா யாருன்னும் விசாரி. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வர்ற ஜீன் ஒண்ணையும் எடுத்துப் படி.”

அந்த வாரமே ஊருக்குப் போனவள், அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில் விஷயத்தைச் சொன்னாள். “நம்ம ஆத்தோர வரப்புல இருக்கிறது மேலக்கரை நண்டும்மா. யாரோ கொண்டாந்து விட்டிருக்காங்க.”

அம்சத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கடுகு கருகியது.

“அவதான்!” என்றாள் அம்சம். “நான் கடவுள் சோதிக்கிறாருன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆனந்தவல்லியில்ல சோதிச்சிருக்கா!”

ஆனந்தவல்லி நேர் எதிரே மேலச்செங்கழனியில் இருக்கும் பஞ்சநதத்தின் மனைவி. ஒரு காலத்தில் அவர்கள் வயலில்தான் அம்சம் நாற்று நட்டாள். இப்போது இரண்டு வீட்டு வயலும் ஆற்றின் இரண்டு பக்கத்திலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருஷம், மதகுப் பலகையை யார் தூக்கிவிட்டது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றது என்று ஊரில் சொல்வார்கள். அம்சம் சொந்தமாக நிலம் வாங்கியதும் அதே வருஷம்தான், அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அம்சம் அடுப்பை அணைத்தாள், முந்தானையை உதறிச் செருகினாள், நடைபாலத்தில் ஏறினாள். தமிழ்நிலா பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பஞ்சநதம் வீட்டு வாசலில் களத்து ஓரமாக ஆனந்தவல்லி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. “ஏ அம்சம், உன் வரப்புல நண்டு இருந்தா அதுக்கு நானா பொறுப்பு? எந்தக் கரை நண்டுன்னு பாக்க அதுகிட்ட ஆதார் கார்டா இருக்கு?”

“இருக்குங்க,” என்றாள் தமிழ்நிலா. “உள்ளுக்குள்ள எழுதியிருக்கு. படிச்சுட்டுத்தான் வர்றேன்.”

முறம் ஒரு நொடி நின்றது. அதைத் தமிழ்நிலா கவனித்தாள். ஆனால் ஆனந்தவல்லி லேசுப்பட்ட ஆளில்லை, அடுத்த நொடியே திருப்பிக்கொண்டாள். “அப்படின்னா எங்க ஆத்தோர வரப்பையும் படி! வருஷா வருஷம் சல்லடையா ஆகுது. அது யாரு புண்ணியம்னு எனக்கும் தெரியணும்.”

“தாராளமா,” என்றாள் தமிழ்நிலா. சண்டையினால் அவள் இதுவரை மிதிக்காத வரப்பு அது. மேற்குக் கரை நண்டுகளையெல்லாம் தள்ளி இருக்கிற ஊர்களில்தான் பிடித்திருந்தாள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்சம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வேணாம் நிலா. நேரமாச்சு. வா, மாடு கத்தும்.”

“நம்ம வீட்டுலதான் மாடே இல்லையேம்மா.”

அம்சம் வேப்ப மரத்தைப் பார்த்தாள். பஞ்சநதம் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “வாம்மா, நான் பிடிச்சுத் தர்றேன்” என்று முன்னால் நடந்துவிட்டார். இந்த இரண்டு பெண்களும் ஒரே இடத்தில் நின்று பேசுவதை அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது. சண்டையாக இருந்தாலும் பேச்சுதானே.

அந்த முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நிலா லேப்டாப்பை அதே களத்து ஓரத்தில், ஒரு உர மூட்டையின் மேல் வைத்துத் திறந்தாள். அம்சத்தைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

“இது கிழக்குக் கரைக் கிளை, நீலம். இது மேற்குக் கரை, சிவப்பு. இதெல்லாம் எங்க வரப்பு நண்டு. பாருங்க, பாதி சிவப்புல இருக்கு.”

“பாத்துக்க,” என்றாள் அம்சம், காற்றைப் பார்த்து.

“இதெல்லாம் உங்க வரப்பு நண்டு.”

பஞ்சநதம் குனிந்து பார்த்தார். “இது நீலத்துலயில்ல உக்காந்திருக்கு? ஒண்ணு, ரெண்டு… அட, முக்காவாசி நீலம்!”

தமிழ்நிலாவுக்கு அன்னக்கூடை நினைவுக்கு வந்தது. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகிற அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. அவள் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்சம் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஆனந்தவல்லியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

“ரெண்டு பேருமா?” என்றார் பஞ்சநதம். அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“பிடிச்ச நண்டைக் குழம்பு வச்சிருக்கலாமே,” என்றாள் தமிழ்நிலா. “எதுக்கு அவ்வளவு தூரம் சுமந்துட்டுப் போய் விட்டீங்க?”

“குஞ்சோட இருக்கிறதை எப்படி அடிக்கிறது?”

இதைச் சொன்னது அம்சம். இதையே, இதே சொற்களில், அதே நேரத்தில் ஆனந்தவல்லியும் சொன்னாள். இரண்டு பேரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குஞ்சு கட்டிய நண்டைக் கொல்ல மனசு வராது, சொந்த வரப்பில் விட்டால் தண்ணீர் நிற்காது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேச்சு வார்த்தை இல்லாதவள் வரப்பு இருக்கவே இருக்கிறது. பாவமும் சேராது, பழிக்குப் பழியும் ஆயிற்று. இந்த அருமையான யோசனை தனக்கு மட்டுமே தோன்றியது என்று இரண்டு பேரும் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நிலாவோ உர மூட்டையைச் சுற்றி ஒரு குதி குதித்தாள். குஞ்சு கட்டிய தாய் நண்டு! ஒரு நண்டைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு குடும்பத்தையே குடியேற்றின கணக்கு. வெள்ளத்தால் முடியாததை இரண்டு பெண்கள் அன்னக்கூடையில் வைத்துச் செய்திருக்கிறார்கள். “கூட்டத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து இதைச் சொல்லணும். சொன்னாப் போதும், மேடம் கையெழுத்துப் போட்டுருவாங்க!”

“ஆமா, படிச்சவங்க பத்துப் பேர் முன்னாடி போய் நின்னு, அடுத்தவ வரப்புல நண்டு விட்டேன்னு சொல்லவா?” என்றாள் ஆனந்தவல்லி.

“என் பேரையும் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்,” என்றாள் அம்சம். “ஊரே சிரிக்கும் நிலா. அவ முன்னாடி நான் தலை குனிய மாட்டேன்.”

குஞ்சு விஷயத்தில் ஒத்துப்போன மாதிரியே வீம்பிலும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். தமிழ்நிலா லேப்டாப்பை மூடினாள். கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு நடைபாலத்தில் தனியாக நடந்து வந்தாள். அழுகை வரும்போல இருந்தது. பெயரை எடுக்க மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தஞ்சாவூர் திரும்பினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு அடித்த ஒரு வெள்ளிக்கிழமை, துறையின் சின்ன ஹாலில் கூட்டம். தமிழ்நிலா மரத்தைக் காட்டினாள், வேரில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு நண்டைத் தூரத்து உறவாக வைத்ததைச் சொன்னாள், நீலத்தையும் சிவப்பையும் பிரித்துச் சொன்னாள். இரண்டாவது ஜீனுக்கு வந்தபோது பின் கதவு திறந்தது. பஞ்சநதம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், பட்டுப் புடவையில் ஆனந்தவல்லி. அவளுக்குப் பின்னால், கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில் அம்சம். கடைசி வரிசையில் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். தமிழ்நிலாவுக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோனது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர முடிந்தது.

முடித்ததும் பக்கத்துத் துறைப் பேராசிரியர் நெய்னா முகம்மது கையைத் தூக்கினார். “நல்ல வேலைம்மா. ஆனா மனுஷங்கதான் தூக்கிட்டுப் போனாங்கன்னு அடிச்சுச் சொல்றீங்க. யாரு? எதுக்காக? இதுக்கு என்ன ஆதாரம்?”

பிரகதாம்பாளின் கை கண்ணாடிக்குப் போனது.

தமிழ்நிலா கடைசி வரிசையைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. நான்கு வருஷமும் அந்தக் கண்ணாடி கழன்று மேஜைக்கு வருவதோடு முடிந்துவிடும் என்று தெரிந்தும் அவளால் சொல்ல முடியவில்லை. “ஆதாரம்…” என்று இழுத்தாள்.

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. வளையல் போட்ட, காய்ப்பு விழுந்த கை. “நான்தாங்க,” என்று அம்சம் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “நான் அம்சம், நிலாவோட அம்மா. எங்க கரையிலேருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விட்டது நான். ஒண்ணு ரெண்டு இல்லீங்க, வருஷா வருஷம். அந்தப் புள்ள ஒரு தப்பும் பண்ணல.”

ஹாலே திரும்பிப் பார்த்தது. அம்சம் மேலே யாருடைய பெயரையும் எடுக்காமல் அப்படியே நின்றாள். ஆனந்தவல்லி ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு இன்னொரு கை எழுந்தது.

“அந்தக் கரையிலேருந்து இந்தக் கரைக்கு நானு,” என்றாள் ஆனந்தவல்லி. “ஆனா முதல்ல ஆரம்பிச்சது அவ.”

“இல்லவே இல்ல, அக்காதான்!”

ஹாலில் சிரிப்பு வெடித்தது. கேட்டவர்களுக்கு இரண்டு பேரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். மற்ற நண்டு குழம்புக்கு, குஞ்சு கட்டியது அக்கரைக்கு. எப்போதும் அப்படித்தானா என்று நெய்னா முகம்மது கேட்டார். “பின்ன, குஞ்சோட இருக்கிறதை எப்படி அடிக்கிறது?” என்று மறுபடியும் இரண்டு குரல் சேர்ந்து கேட்டது. பிரகதாம்பாள் கண்ணாடியைக் கழற்றவில்லை, பேனாவைத் திறந்து வேகவேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு சந்தேகம்,” என்றாள் அம்சம், உட்காராமலே. “நிலா, கடைசியா பாதி சிவப்பு பாதி நீலமா சில நண்டு காட்டினியே, அது என்னது?”

“அதுங்களுக்கு அம்மா மேலக்கரை, அப்பா கீழக்கரைம்மா. நம்ம வரப்புல பிறந்ததுங்க. அவங்க வரப்புல இதே மாதிரி அம்மா நம்ம கரை, அப்பா அவங்க கரை.”

அம்சம் யோசித்தாள். “அப்ப அவங்க வீட்டுப் பொண்ணை நம்ம வீட்டுப் பையன் கட்டியிருக்கான். நம்ம வீட்டுப் பொண்ணு அங்க வாழப் போயிருக்கு.”

“ஆமாம்மா.”

“பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்கோம்.” அம்சம் ஆனந்தவல்லி பக்கம் திரும்பினாள். “அக்கா, அப்ப நாம சம்பந்தியா?”

மழைச் சத்தத்தையும் மீறி ஹால் சிரித்தது. நெய்னா முகம்மது மேஜையைத் தட்டினார். ஆனந்தவல்லி முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை. உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கடைசியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நகர்ந்து நடுவிலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

“உக்காருங்க சம்பந்தியம்மா,” என்றாள். “எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க?”

நாற்று நட்ட காலத்திலிருந்து இன்றுவரைக்கும் அம்சத்தை அவள் ‘நீ’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஹாலில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. பஞ்சநதத்துக்குத் தெரியும், அவர் சட்டென்று குடையைக் குனிந்து பார்த்தார். தமிழ்நிலாவுக்குத் தெரியும், அவள் மறுபடியும் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அம்சத்துக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, சம்பந்தி வீட்டில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிரகதாம்பாள் அங்கேயே, அந்த மேஜையிலேயே கையெழுத்துப் போட்டார். “அந்த அஞ்சையும் எடுன்னு சொன்னேன் பாரு,” என்றார் தமிழ்நிலாவிடம். “எடுத்திருந்தா இவ்வளவும் போயிருக்கும். எடுக்கலையே, பொழைச்சோம்.” அதற்கப்புறம்தான் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொள்வதற்காக.

மன்னார்குடி பஸ்ஸில் இரண்டு சம்பந்திகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டு, யார் முதலில் ஆரம்பித்தது என்று வழி நெடுக வாதாடினார்கள். தமிழ்நிலா கையெழுத்துப் போட்ட தாளை பாலிதீன் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி கேட்டுக்கொண்டு வந்தாள். நின்றுகொண்டு வருவதில் அவளுக்கு அன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை. “இனிமே யாரும் நண்டை ஆத்தைத் தாண்டித் தூக்கிட்டுப் போகக் கூடாது, என் மரம் குழம்பிடும்,” என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நடைபாலத்துக்குப் பக்கத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. பாமணி ஆறு கரை தொட்டு ஓடியது. ஆனந்தவல்லியும் பஞ்சநதமும் மேற்குக் கரையிலேயே நின்றுகொண்டார்கள், அம்சமும் தமிழ்நிலாவும் பாலத்தில் ஏறினார்கள். பாதிப் பாலம் போனதும் பின்னாலிருந்து ஆனந்தவல்லியின் குரல் வந்தது.

“சம்பந்தியம்மா! நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வர்றேன். மொத தடவையா வர்றேன், வெறுங்கையோட வர முடியாது. என்ன கொண்டாரட்டும்?”

அம்சம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எது வேணா கொண்டாங்க சம்பந்தி,” என்று ஆற்றுக்கு மேலாகக் கத்தினாள். “நண்டை மட்டும் கொண்டாராதீங்க!”